பிற குடும்பங்களுக்குத் துணை நிற்கப் பெற்றோருக்குப் பயிற்சி: எதெல்லாம் அவசியம்?

வைகைக்கரை:
பதின்ம வயதுப் பிள்ளையின் மனச்சோர்வு, பதற்றம் என்று சிகிச்சைக்கு அலையும் குடும்பங்களுக்குத் துணை நிற்க, அதைக் கடந்துவந்த பெற்றோர் எட்டுப் பேர் முன்வந்திருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதம் ஒருமுறை வருவார். பயிற்சியில் எதைக் கட்டாயம் வைக்கணும்? எங்கே பிசகும்?

மருதம்:
ஆள் தேர்விலேயே பிசகும். சொந்தப் பிள்ளை இன்னும் நெருக்கடியில் இருந்தால் அந்தப் பெற்றோரை இப்போது சேர்க்காதீர்கள். அடுத்த வீட்டு அழுகை அவர்கள் ரணத்தைக் கிளறிவிடும். ஓராண்டாவது நிலைமை சீராக இருக்கட்டும். பிள்ளையின் சம்மதமும் வேண்டும், வெளியே சொல்லப்படுவது அவர்கள் வாழ்க்கை.

பயிற்சியில் பாதி நேரம் காதுகொடுத்துக் கேட்கப் பழகுவதற்கே போகட்டும். மூன்று மூன்று பேராக உட்காருங்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க, பத்து நிமிடம்; பிறகு இடம் மாறுங்கள். அறிவுரை எப்போது நுழைந்தது, "என் பையனுக்கும் இப்படித்தான்" என்று பேச்சு எப்போது திரும்பியது, இந்த இரண்டை மட்டும் கவனிப்பவர் குறிக்கட்டும். "எல்லாம் சரியாயிடும்", "செல்போனைப் பிடுங்குங்க" என்றதுமே வந்தவர் வாயை மூடிக்கொள்வார். "ராத்திரி தூங்குறானா? ஸ்கூலுக்குக் கடைசியா எப்ப போனான்?" என்று கேட்டால் பேச்சு நீளும்.

செங்காந்தள்:
பிள்ளை சாகப்போவதாகச் சொன்னதாகத் தாய் சொன்னால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேட்கப் பழக்குங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கிராமமென்றால் முதல் கேள்வி பூச்சிமருந்து பற்றி: பாட்டில் எங்கே, சாவி யாரிடம்? வீட்டைவிட்டே வெளியேற்றினால் இன்னும் நல்லது. மாத்திரைகளையும் பெரியவர் கையில் வைத்து, வேளாவேளைக்கு எடுத்துத் தரட்டும். எப்படிச் சாவது என்று பிள்ளை முடிவுசெய்திருந்தால் ஒரு நொடியும் தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். எதையாவது குடித்துவிட்டால் 108தான்.

மருந்தை நிறுத்து, குறை என்று துணைப் பெற்றோர் சொல்லவே கூடாது. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். "மருந்துக்கு அடிமையாகிட்டான்" என்று வீடே பயந்துவிடும்.

வைகைக்கரை:
நன்றி. எதையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று வாக்குத் தரலாமா?

மருதம்:
முழுசாகத் தராதீர்கள். உயிருக்கு ஆபத்து, பாலியல் கொடுமை இந்த இரண்டும் விதிவிலக்கு என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடணும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அப்படி நடந்தது தெரிந்தவர் யாரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். வாட்ஸப் குழுவில் பிள்ளையின் பெயர், போட்டோ, மருந்துச்சீட்டு எதுவும் வரக்கூடாது.

மாதம் ஒரு கூடல் போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உளவியலாளரோடு உட்காரட்டும். தொடக்கத்தில் ஒருவருக்கு இரண்டு குடும்பம் போதும், போன் எடுக்கும் நேரத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி அழைப்புகளில் களைத்து, சொல்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். நம்பியிருந்த குடும்பம் கைவிடப்பட்டதாக உடைந்துபோகும். விலகுபவர், அடுத்துப் பார்க்கப்போகிறவரைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்திவிட்டே விலகணும்.