தலசீமியா: சிறார் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு

கேள்வி:
தலசீமியா மேஜர் (மரபுவழி வரும் கடுமையான இரத்தச்சோகை) உள்ள என் மகன், மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளக் கைக்குழந்தையிலிருந்தே சென்றுவரும் சிறார் மருத்துவமனையை விட்டு, விரைவில் பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறவிருக்கிறான். நாங்கள் முன்கூட்டியே எவற்றைச் செய்துவைக்க வேண்டும்?

பதில்:
அக்கா, சிகிச்சைச் சுருக்கத்தை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். இரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவுகளோடும், இதயத்திலும் ஈரலிலும் படிந்த இரும்பைக் காட்டும் எம்ஆர்ஐ முடிவுகளோடும், இரத்தம் ஏற்றியதால் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தால் அவ்விவரமும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். பொருத்தமான இரத்தத்தைத் தேர்ந்தெடுப்பது அந்த எதிர்ப்பொருள்களைப் பொறுத்தது.

பதில்:
என் மகள் மாறியபோது, உடலில் சேர்ந்த கூடுதல் இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று புதிய மருத்துவர் அவளிடமே கேட்டார். மாத்திரைப் பெட்டியை அதற்கு முன்பிருந்தே அவளே நிரப்பிவந்ததால் தயங்காமல் சொன்னாள். மாத்திரையைத் தவறவிடும் வயது இது. பொறுப்பை இப்போதே அவனிடம் கொடுங்கள். மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புத் திட்டம்), மானியம் பற்றி மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள்.