ஹிக்கின்பாதம் என்ற குடும்பப் பெயர்: நேரில் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சிக்காரன்

ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஹிக்கின்பாதம்ஸ் கடை முன்னால் நின்று, காசு கொடுக்காமல் வாரப் பத்திரிகை புரட்டிய தலைமுறை நான். கடைக்காரர் இரண்டாம் முறை இருமினால் வாங்கிவிட வேண்டும், அது எழுதாத சட்டம். பாரி, பின்னி, ஸ்பென்சர் எல்லாம் சட்டென்று வாயில் வந்துவிடுகிற பெயர்கள். இது மட்டும் ஏன் இப்படி ஒரு நீளம்? இங்கிலாந்தில் இருப்பவர்கள் யாராவது இந்தப் பெயர்க்காரர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கிருந்து வந்த பெயர் இது?

பரி செவிலியர்

அதே பெயர் இல்லை, பாதத்துக்குப் பதில் பாட்டம் என்று முடியும் அதன் பங்காளிகளைத் தினமும் பார்க்கிறேன். மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு மருத்துவமனையில் வேலை. வெளிநோயாளிகளை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் பட்டியலைப் பார்த்து வெலவெலத்துப் போனேன். லாங்பாட்டம், விண்டர்பாட்டம், ராம்ஸ்பாட்டம்! பாட்டம் என்றால் இங்கே எவருக்கும் முதலில் பிட்டம்தான் ஞாபகம் வரும். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அதை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஷஃபுல்பாட்டம் என்று ஒரு தாத்தா. நான் மென்று விழுங்குவதைப் பார்த்துவிட்டு, "சத்தமாகவே கூப்பிடம்மா, பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது" என்றார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையில் இறுகிக்கொண்டிருக்கும்போதே மறு கையால் மேஜை மேல் கோடு போட்டுக் காட்டினார்: இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு மேடு, நடுவே ஓடை, ஓடையை ஒட்டிச் சமதரை. அந்தச் சமதரைதான் பாட்டம். பென்னைன் மலையடிவாரம் முழுக்க அப்படிப்பட்ட இடங்கள்தான். ராம்ஸ்பாட்டம் இன்றைக்கும் இர்வெல் ஆற்றங்கரையில் ஒரு ஊர், எங்கள் பரி ஊரிலிருந்து பஸ் போகிறது. அவர் பெயர் ஷிப்பர்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்ததாம். செம்மறியும் ஊற்றும் சேர்ந்த பெயர் அது. அவர் பேசி முடிப்பதற்குள் அளவு எகிறிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

போல்ட்டன்வாசி

திருச்சிக்காரரே, நீங்கள் கேட்ட பெயரின் பிறந்த வீடு நான் குடியிருக்கும் ஊர்தான். லங்காஷயரின் பழைய பஞ்சாலை ஊர் போல்ட்டன். ஊருக்குக் கிழக்கே ஓக்கன்பாட்டம் என்று ஒரு சாலை இருக்கிறது. ஓக் மரங்கள் நின்ற பள்ளத்தாக்கு என்று பொருள். அந்தப் பெயர் இடைக்காலத்தில் வாய்க்கு வாய் மாறி ஈக்கன்பாட்டம், இக்கன்பாட்டம் என்று ஆனது. இந்தப் பக்கத்து வட்டார வழக்கில் ரோவன் மரத்துக்கு ஹிக்கின் என்று பெயர். சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்க் காய்க்குமே, அந்த மரம். அதுவும் வந்து ஒட்டிக்கொள்ள, ஹிக்கின்பாட்டம். ஓக்கில் தொடங்கி ரோவனில் வந்து நின்றிருக்கிறது.

பெரிய எதிர்பார்ப்போடு பார்க்கப் போகாதீர்கள். பெயர்ப்பலகை, இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல் கட்டிய குடியிருப்புகள், வாசலில் குப்பைத் தொட்டிகள், வரிசையாகக் கார்கள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்திலேயே லீவர்ஹியூம் பூங்கா. அதற்குள் இறங்கினால் பிராட்ஷா ஓடை. சரிவிலிருந்து பார்க்கும்போதுதான் தாத்தா மேஜையில் வரைந்து காட்டிய படம் பிடிபடுகிறது. இருபுறமும் மேடு, கீழே ஈரத் தரை, மழை பெய்த மறுநாள் செருப்பைப் பிடித்து இழுக்கிற சேறு.

பூங்காவின் பெயரும் ஒரு குடும்பப் பெயர்க் கதைதான். சன்லைட் சோப்பு வில்லியம் லீவர் 1851ல் இந்த ஊரில் பிறந்தவர், நம் ஹிந்துஸ்தான் லீவரின் லீவர். பட்டம் கிடைத்தபோது மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரான ஹியூமைத் தன் பெயரோடு சேர்த்து லீவர்ஹியூம் ஆனார். அந்த லீவரும் ஊர்ப்பெயர்தான். லிட்டில் லீவர், டார்சி லீவர் எல்லாம் இங்கேயே இருக்கின்றன.

ஒன்று கவனியுங்கள். ஓக்கன்பாட்டத்திலேயே இருந்தவனை அங்கே யாரும் ஓக்கன்பாட்டத்துக்காரன் என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லாருமே அந்த ஊர்தானே! அவன் பிழைப்புத் தேடி வேறு ஊருக்குப் போன பிறகு, அந்த ஊர்க்காரர்கள் வைத்த அடையாளம் அது. அரியக்குடி, செம்மங்குடி எல்லாம் ஒட்டிக்கொண்ட மாதிரி. 1066ல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்தபின் நிலக்காரக் குடும்பங்களில் முதலில் பரம்பரைப் பெயர் நிலைத்தது. சாதாரண ஜனங்களிடம் அது பெரும்பாலும் ஊன்றுவதற்கு 1400 வாக்கில் ஆகிவிட்டது. 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி போட்டார்கள். எவன் எவன் என்று பிரித்து எழுத வரிக்காரனுக்கு இரண்டாவது பெயர் வசதியாக இருந்தது.

ஸ்டாக்போர்ட் மருமகள்

என் மாமியார் வீட்டுப் பெயரே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். லங்காஷயரில் பிறந்த பெயர் தெற்கே இறங்கிச் செஷயர் எல்லையில், ஸ்டாக்போர்ட், மார்ப்பிள் பக்கம் நன்றாக வேர் பிடித்திருக்கிறது. ஸ்டாக்போர்ட்டின் வரலாற்றை 19ஆம் நூற்றாண்டில் தடித்தடியாக எழுதிய ஹென்றி ஹெகின்பாதமும் இந்தப் பெயர்க்காரர்தான், எழுத்து மட்டும் வேறு.

அந்த எழுத்துதான் எங்கள் வீட்டில் சண்டை. கடைசியில் "பாட்டம்" என்று எழுதுவதா, "பாதம்" என்று எழுதுவதா? மாமியார் "நாங்கள் பாதம், அவர்கள் பாட்டம்" என்று, ஏதோ தனிக் குலம் போலச் சொல்வார். கிண்டலுக்குப் பயந்து எழுத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் நிறைய. சைட்பாட்டம் பெயர்க்காரர்களில் சிலர் "சிட்டி-பொ-டோம்" என்று ஓசையையே மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் நான் ஆவணங்களில் இறங்கினேன். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538ல் போட்ட உத்தரவிலிருந்து பங்குக் கோயில்களில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிகிறார்கள். அரசாங்கப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. ஆட்களின் பெயரோடு கூடிய மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் இருக்கிறது. மாமியாரின் கொள்ளுத் தாத்தாவின் திருமணப் பதிவைத் திறந்தால் ஒரே பக்கத்தில் வேடிக்கை. பாதிரியார் "பாட்டம்" என்று எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட சாட்சி, மாப்பிள்ளையின் தம்பி, "பாதம்" என்று போட்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு எழுதத் தெரியாது. ஒரு பெருக்கல் குறி, அதன் இருபுறமும் "இவருடைய குறி" என்று பாதிரியாரின் கையெழுத்து. மை கொஞ்சம் தேங்கி, குறியின் ஒரு கால் மட்டும் தடித்திருக்கிறது. அச்சில் எடுத்து மாமியாரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாதிரிக்குக் காது சரியில்லை" என்றார்.

என் கணிப்பு: பழைய பதிவில் எழுத்துக் கூட்டலை வைத்து உறவைப் பிரிப்பது வீண் வேலை. கேட்டவன் காதுக்கு எட்டியதை எழுதினான். தேடுகிறவர்கள் ஹிக்கின், ஹெகின், ஹிக்கன் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். முதல் எழுத்தான ஹ-வே காணாமல் போயிருக்கலாம். இந்த வட்டாரத்தில் ஹ-வை விழுங்கித்தான் பேசுகிறார்கள்.

அதற்காக ஒரே பெயர் உள்ள எல்லாரும் ஒரே ரத்தம் என்றும் ஆகாது. பிரையன் சைக்ஸ் என்ற மரபியல் பேராசிரியர் தன் பெயருள்ள 48 ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற மரபுக்கூறை, ஆராய்ந்து 2000ல் வெளியிட்டார். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களிடம் ஒரே வகை இருந்தது. சிற்றோடை என்று பொருள்படும் பெயர் அது, எங்கும் தனித்தனியே முளைத்திருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். அதிலேயே இவ்வளவு பேர் ஒரு மூலத்துக்குப் போனது பெரிய ஆச்சரியம். மீதிப் பேர் தத்து, திருமணத்துக்கு வெளியே பிறப்பு, தாய்வழியில் எடுத்த பெயர் என்று எந்த வழியிலும் வந்திருக்கலாம். இதை மாமியாரிடம் நான் சொல்லவில்லை!

மயிலாப்பூர் புத்தகப்புழு

சென்னை மவுண்ட் ரோடு கடையின் பக்கத்தை நான் சொல்கிறேன். ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844ல் கடை தொடங்கினார். இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1904ல் எழுந்தது, அவருடைய மகன் காலத்தில். கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்து, மெட்ராஸில் இறக்கிவிடப்பட்டார் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். சுவைக்காகச் சொல்லலாம், சான்றாகக் கொள்ளாதீர்கள். கிறித்துவ மிஷன் புத்தகக் கடை ஒன்றில் வேலை பார்த்து, அதையே வாங்கி நடத்தினார் என்பதுதான் உருப்படியான செய்தி. பின்னாளில் மெட்ராஸின் ஷெரீப் என்ற கௌரவப் பதவியிலும் இருந்தார். வெறும் விற்பனையும் இல்லை, பதிப்பும் உண்டு. மெட்ராஸ் வெள்ளைக்காரர் சமையலைப் பற்றி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய புத்தகம் 1878ல் இங்கேதான் வெளியானது. இன்று கடை அமால்கமேஷன்ஸ் குழுமத்திடம் இருக்கிறது.

முன்வாசலில் தலையைத் தூக்கிப் பார்த்தால் அந்த நீளப் பெயர் நிற்கும். அதில் "பாதம்"தான், "பாட்டம்" இல்லை. ஸ்டாக்போர்ட் அம்மாவின் மாமியாருக்கு ஒரு படம் அனுப்பி வையுங்கள், சந்தோஷப்படுவார்.

பெரம்பூர் ரயில்வே காலனி

என் மனைவி ஆங்கிலோ இந்தியர், அவர்கள் வீட்டிலும் ஒரு லங்காஷயர்ப் பெயர் ஓடுகிறது. ஐந்து தலைமுறையாக இங்கேதான் இருக்கிறார்கள். இங்கிலாந்துப் பதிவுகளில் தேடி என்ன பயன்?

ஸ்டாக்போர்ட் மருமகள்

அண்ணா, அங்கே தேட வேண்டாம், மெட்ராஸ் பதிவிலிருந்து தொடங்குங்கள். மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. தாத்தாவின் திருமணப் பதிவு கிடைத்தால் அவருடைய அப்பா பெயர் கிடைக்கும், அங்கிருந்து பின்னால் போகலாம். பெயர் என்ன என்று இங்கே போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள், எத்தனை விதமாக எழுத்துக் கூட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன்.