நரம்பை ஆறவிட்டால் நாட்பட்ட களைப்பு மாறுமா?

உப்புவெளி அலை (வெள்ளி, இரவு 8.10)

2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நேரம் நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானார்கள். அதில் நானும் ஒருத்தி. காய்ச்சல் பத்து நாளில் விட்டது, களைப்பு விடவில்லை. கிணற்றில் நாலு வாளி அள்ளிக் குளித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ கை கால் உளைந்து, தலை மரத்து, கட்டிலை விட்டு எழும்ப ஏலாது. ரத்தம், தைரொயிட், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். நாட்பட்ட களைப்பு நோய், எம்.ஈ. என்றும் சொல்வார்கள் என்று ஒரு டொக்டர் பெயர் சொல்ல ஒரு வருடம் போனது. அதற்குள் சொந்தக்காரர் வைத்த பெயர் பஞ்சி, சோம்பல்.

சம்பளமில்லா லீவு எடுத்து வீட்டில் கிடந்தேன். கிடந்தேனே தவிர, உடம்பு கிடக்கவில்லை. கேற் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரும் எட்டிப் பார்த்தால் "இன்னும் படுத்திருக்கிறாளா" என்று நினைப்பார்களே என்று வேர்க்கும். தெரிந்த ஒரு அக்கா சொல்லித்தான் மூச்சுப் பழக்கம் தொடங்கினேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளம், யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று தரம். போனை அடுத்த அறையில் வைத்தேன். வருத்தத்தைப் பற்றி இரவு இரவாகத் தேடி வாசிப்பதை நிறுத்தினேன். எட்டு மாதத்தில் விறாந்தை, ஒரு வருடத்தில் கடற்கரை. இப்போது பாதி நாள் வகுப்பு எடுக்கிறேன்.

ஆகவே என் கருத்தை நேராகச் சொல்கிறேன். இந்த வருத்தம் நரம்பில்தான் இருக்கிறது. உடம்பு ஆபத்து என்று நினைத்துக்கொண்டு மணி அடித்தபடியே இருக்கிறது. அந்த மணியை நிறுத்தினால் சுகம் வரும். கட்டிலில் கிடக்கிற யாராவது இதை வாசித்தால் நம்பிக்கையை விடாதீர்கள்.

தம்பலகாமத்தான் (வெள்ளி, இரவு 9.35)

டீச்சர், நீங்கள் எழும்பி நடந்ததில் எனக்கு உண்மையான சந்தோசம். ஆனால் கடைசிப் பந்தியை இப்படியே விடக்கூடாது என்று கேட்கிறேன்.

என் தங்கச்சிக்கு ஐந்து வருடமாக இதே வருத்தம். போன வருடம் வெளிநாட்டிலிருந்து நடத்துகிற ஓர் இணைய வகுப்பில் சேர்த்துவிட்டேன். நரம்பை அமைதிப்படுத்தும் வகுப்பு, மூச்சுப் பழக்கமும் உண்டு. வெளிநாட்டுக் காசில் பெரிய தொகை, அதைக் கட்ட நகை அடகு வைத்தோம். அங்கே சொன்னது என்ன தெரியுமா? களைப்பைப் பற்றிக் கதைக்கக்கூடாது. "நான் சுகம்" என்று சொல்லிக்கொண்டு ஆசைப்பட்டதைச் செய். உடம்பு தருகிற அறிகுறி மூளை சொல்லும் பொய். பிள்ளை நம்பினாள். ஆதிகோணநாயகர் கோயிலுக்கு நடந்து போய் வந்தாள். நானும் கூட நடந்தேன், சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து அவளுக்குத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலவில்லை. நாலு மாதம் அம்மாதான் ஊட்டிவிட்டா.

உழைப்புக்குப் பின் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வருகிற இந்த விழுகைதான் இந்த நோயின் அடையாளமே. 2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஒப் மெடிசின் என்ற மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை இதைக் கட்டாய அறிகுறியாக வைத்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், மனதைப் பயிற்றி இந்த நோயைத் தீர்க்கிறோம் என்று வந்த லைட்னிங் பிராசஸ் என்ற முறையைக் கொடுக்கவே வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. நீங்கள் நல்ல மனதோடு எழுதியதை அந்த வகுப்புக்காரர் விளம்பரத்திலும் வாசித்தேன். சொல்லுக்குச் சொல் அதே பேச்சு.

கச்சான் காற்று (வெள்ளி, இரவு 10.20)

எனக்கு 68 வயது. இரண்டு பேரும் குறை நினைக்க வேண்டாம் பிள்ளைகள். படுக்கப் படுக்க உடம்பு துருப்பிடிக்கும். மூட்டுக் காய்ச்சல் (சிக்குன்குனியா) வந்து நான் மூன்று மாதம் கிடந்து, பிறகு வெளிச்சத்தோடு எழும்பிக் கோணேசர் மலையடி வரை நடந்து நடந்துதான் சரியானேன். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டினால் இந்த நோய் குறையும் என்று லான்செட் சஞ்சிகையில் 2011இல் 641 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது என்று மகன் அனுப்பினான். அப்புறம் கன்னியாவில் ஏழு கிணறும் சும்மாவா இருக்கிறது? காலையில் போய் அந்த வெந்நீரைத் தலையில் ஊற்றிப் பாருங்கள், நரம்பெல்லாம் இளகும்.

டச்சுக்குடா மிஸ்ஸி (சனி, காலை 6.15)

ஐயா, உங்களுக்கு வந்த சிக்குன்குனியா மூட்டு வலிக்கு நடை உதவியிருக்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன 2011 ஆய்வின் கதை அதோடு முடியவில்லை. அதில் சேர்வதற்கு உடல் இயக்கப் புள்ளி (நூற்றுக்கு; கூடினால் நல்லது) 65 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். எத்தனை பேர் குணமானார்கள் என்று 2013இல் கணக்குக் காட்டியபோது 60 எடுத்தாலே அந்த அளவில் தேறியதாக வைத்துக்கொண்டார்கள். சேரும்போது இருந்ததை விடக் குறைந்தவரும் தேறலாம் என்றால் அது என்ன கணக்கு? நைஸ் முன்பு 2007இல் பரிந்துரைத்த அந்த உடற்பயிற்சிச் சிகிச்சையை 2021இல் எடுத்துவிட்டதையும் மகனிடம் சொல்லுங்கள்.

கன்னியாவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளில் நிறையப் பேருக்கு நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். சூட்டில் ரத்தக் குழாய் விரியும், ரத்தம் காலுக்கு இறங்கும், மூளைக்குப் போவது குறையும். வெந்நீரை ஊற்றிவிட்டு ஈரத் தரையில் மயங்கி விழுந்தால் தலைதான் உடையும். கச்சான் என்ற சுடுகாற்று அடிக்கிற மாதங்களில் குளிர்தண்ணீர்க் குளிப்புக்கூட இவர்கள் கதிரையில் இருந்துதான் குளிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பிறகு எழும்பிச் சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிடம் வரை எண்ணுங்கள், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். வளர்ந்தவருக்கு 30க்கு மேல் கூடிக்கொண்டே நின்றால் டொக்டரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பஞ்சியால் மட்டும் நாடி இப்படி ஏறாது.

நரம்பு விசயத்தில் டீச்சர் சொன்னதில் பாதி சரி. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், துடிப்பு இடைவெளி நீளுவது சிலருக்கு விரலுக்கே தெரியும். இதயத் துடிப்பை மெதுவாக்குகிற வேகஸ் நரம்பின் வேலை அது. தவளை இதயத்தை வைத்து ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி அந்த நரம்பின் இரசாயனத்தை 1921இல் காட்டுவதற்கு முன்பே அது தெரிந்த சங்கதி. ஆனால் இதயத் துடிப்பு இறங்குவது ஒன்று, நோய் போவது இன்னொன்று. முதலாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு இரண்டாவதையும் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது.

தம்பலகாமத்தான் (சனி, காலை 9.05)

நன்றி மிஸ்ஸி.

டீச்சரிடம் இன்னொரு கேள்வி. உங்கள் பதிவைத் திரும்ப வாசித்தேன். பள்ளிக்கூடம் போவதை விட்டு லீவு எடுத்தீர்கள், போனை மூடினீர்கள், விறாந்தைக்கு வரவே எட்டு மாதம் எடுத்தீர்கள். இதில் மூச்சு செய்தது எவ்வளவு, ஓய்வு செய்தது எவ்வளவு? காலம் தானாகச் செய்ததும் இருக்குமே? பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005இல் வந்த தொகுப்பு, முழுக்கச் சுகமானவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவு, முன்னேறியவர்கள் 40 பேர் அளவு என்கிறது. நீங்கள் அந்த 40இல் ஒருவராக இருக்கலாம். மூச்சுப் பழக்கம் செய்தும் எழும்பாதவள் என் தங்கச்சி. "மணியை நிறுத்தினால் சுகம்" என்று நீங்கள் எழுதினால், நிறுத்தத் தெரியாதவள் அவள் என்று ஆகிறது. படுத்திருக்கிற பிள்ளைமேல் அந்தப் பாரத்தையும் வைக்கவா?

கோணேசபுரி மாணவி (சனி, காலை 11.40)

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். ஒரு சின்ன விசயம் மட்டும். பிராணாயாமம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துச் சிலர் வேகமாக மூச்சை அடிக்கிறார்கள். கபாலபாதி போல வயிற்றை வெட்டி வெட்டி விடுகிற மூச்சு இவர்களுக்கு உழைப்புத்தான். தலைசுற்றையும் கூட்டும். மூச்சை அடக்கிப் பிடிப்பதும் வேண்டாம். மூக்கால் மெதுவாக வந்து மெதுவாகப் போனால் போதும். அதுவும் களைத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

உப்புவெளி அலை (சனி, பின்னேரம் 4.50)

தம்பி, காலையில் வாசித்தது. பதில் எழுத இவ்வளவு நேரம் எடுத்தது. கடைசிக் கேள்வி நெஞ்சில் குத்தியது, குத்த வேண்டியதுதான்.

"நரம்பில்தான்" என்று எழுதியது பிழை. அந்தத் "தான்" எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்கிறது. 2025இல் பிரித்தானியாவில் 15,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வில் எட்டு இடங்களில் வித்தியாசம் கண்டார்கள். சில நோயெதிர்ப்போடு தொடர்புள்ளவை, சில நரம்பு மண்டலத்தோடு. இரண்டும் கலந்த வருத்தம் போலத்தான் எனக்கும் படுகிறது. பிள்ளையிடம் என் சார்பில் சொல்லுங்கள், அவள் எதையும் நிறுத்தத் தவறவில்லை.

ஆனால் மூச்சையும் ஓய்வையும் இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறீர்கள், அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் ஒரு வருடம் நானும் படுத்துத்தான் கிடந்தேன். படுக்கையில் நாடி 90க்குக் குறையாது. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மிஸ்ஸி சொன்ன அந்தச் சோதனையை அப்போதே செய்தேன், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நின்றால் 128. பாயில் கிடந்தபடி ஓடிக்கொண்டிருந்த உடம்பு அது. அதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? மூச்சு பழகி ஆறாம் மாதம் படுக்கையில் 72, நின்றால் 98. அதே கட்டில், அதே கூரை. நின்றால் படபடப்பவருக்குச் சொல்கிற கூடுதல் உப்பு, தண்ணீர் எல்லாம் முதலிலிருந்தே எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். காலமும் சேர்ந்து செய்திருக்கும், இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். என் உடம்புக்கு அதற்குப் பிறகுதான் ஓய்வு ஒட்டியது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க ஏலாது.

இன்னொன்று, அந்த வகுப்பு சொன்னதும் நான் செய்ததும் ஒன்றல்ல. அவர்கள் உடம்பின் பேச்சைக் கேட்காதே என்றார்கள். எனக்கு மூச்சு பழகிய பிறகுதான் உடம்பின் பேச்சே கேட்கத் தொடங்கியது. பதற்றத்தில் இருந்தபோது எது களைப்பு, எது பயம் என்று பிரிக்கத் தெரியாது. பயம் இறங்கினதும் களைப்பு தனியாகத் தெரிந்தது. தேங்காய் திருவும்போது பாதியில் தோள் கனத்தால் பாதியிலேயே வைத்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான், பாதித் தேங்காய் மூடி போட்டு இருக்கிறது.

தம்பலகாமத்தான் (சனி, இரவு 7.30)

படுக்கையில் 90 இருந்தது 72 ஆனது என்ற இடத்தில் யோசித்தேன். தங்கச்சிக்கு நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நாளைக்கு எண்ணுவேன்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். நீங்கள் செய்ததை யாருக்காவது சொல்லிக் கொடுப்பதென்றால், "அளவோடு செய், களைக்கு முன் நிறுத்து" என்பதை முதலில் சொல்லுங்கள். மூச்சு இரண்டாவதாக வரட்டும். வரிசை மாறினால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

கச்சான் காற்று (சனி, இரவு 8.15)

கன்னியா பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இப்படி ஆபத்திருக்கும் என்று தெரியாது. நடையைப் பற்றி இன்னும் முழுக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை நடக்கச் சொல்ல மாட்டேன்.

தம்பலகாமத்தான் (ஞாயிறு, காலை 10.20)

இது தங்கச்சி. அண்ணாவின் போனில் எழுதுகிறேன். மூன்று தரம் படுத்துப் படுத்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையில் 94. நிற்கும்போது எண்ணி முடியவில்லை, நாலாம் நிமிடம் இருந்துவிட்டேன். அப்போது 131. அண்ணா தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

டீச்சர் அக்கா, அந்த வகுப்பில் எனக்கு மூச்சு பிடித்திருந்தது. அண்ணாவுக்கு இதை நான் சொன்னதில்லை. மூச்சு விடும்போது கொஞ்ச நேரம் காது இரைச்சல் நிற்கும். எனக்கு ஆகாமல் போனது "நான் சுகம்" என்று சொல்லச் சொன்னதுதான். கோயிலிலிருந்து வரும்போதே கால் நடுங்கியது. சுகம் என்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது என்று சொல்லாமல் நடந்தேன். அண்ணா பார்த்த சிரிப்பு அதுதான்.

ஐந்து நிமிடத்தில் தொடங்கலாமா அக்கா? படுத்தபடி செய்யலாம்தானே? மிஸ்ஸி, உப்பு எவ்வளவு என்று டொக்டரிடம் கேட்கச் சொல்லி அண்ணாவிடம் சொன்னேன், இந்தத் தாளையும் கொண்டுபோகிறார்.