ஃபிளாட்டில் நிதானமாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எப்படி?

வேளச்சேரிவாசி:
வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கழுத்து இறுகிப்போய், கண் எரிகிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் திரும்பத் தொடங்க ஆசை. சின்ன பாத்ரூம், கீஸர் தண்ணீர்தான். எவ்வளவு நேரம் ஊறவேண்டும்? ஷாம்பு போதுமா?

கரிசல்மண்:
நல்லெண்ணெயில் நாலு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டு, சீரகம் பொரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்த்து, அப்புறம் காது மடல், பிடரி, உள்ளங்கால். பிடரியில் அவசரப்படாதீர்கள், உங்கள் இறுக்கம் அங்கேதான். அரை மணி நேரம் ஊறினால் போதும். ஷாம்பு வேண்டவே வேண்டாம். சீயக்காய்ப் பொடியைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் பிசுக்கும் போகும், முடியும் வறளாது. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி:
தரை வழுக்கும், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே குளியுங்கள். மிச்சச் சீயக்காயைத் தரையில் தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் விட்டுவிடலாம்.

வேளச்சேரிவாசி:
மிக்க நன்றி! சீயக்காய்க்குப் பதில் அரப்பு சரிவருமா?

கரிசல்மண்:
தாராளமாக. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அன்று மதியம் மிளகு ரசம் வையுங்கள். தூக்கம் சொக்கும், ஆனால் பகலில் படுக்கக் கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில்.