லல்வொர்த் கோவ்: வயதானவர்களோடும் பிள்ளைகளோடும் கூழாங்கல் கடற்கரைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

ரெடிங்கில் இருந்து

அம்மா தூத்துக்குடியில் இருந்து வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வயது 68, வலது முழங்காலில் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார்கள், படி இறங்குவதுதான் கஷ்டம். பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்பது வயதும் நாலு வயதும். போன வாரம் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு "கடலைப் பார்த்து எத்தனை நாளாச்சு" என்று அம்மா சொன்னதில் இருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை.

பெரிய அலை வேண்டாம், கூட்டத்தில் பிள்ளையைத் தேடி அலைகிற மாதிரி நீளமான பீச்சும் வேண்டாம். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் டோர்செட்டில் இருக்கும் லல்வொர்த் கோவ் என்ற சின்ன வளைகுடாவுக்குப் போகலாம் என்கிறார் கணவர். படத்தில் பார்த்தால் குதிரை லாடம் மாதிரி சுற்றிலும் குன்று, கடல் உள்ளே வரும் வாய் மட்டும் குறுகலாக, தண்ணீர் குளம் போலக் கிடக்கிறது. ஆனால் முழுக்கக் கூழாங்கல். வயதானவர்களை அங்கே கூட்டிப் போனவர்கள் இருந்தால் எது சரியாக வந்தது, எது வரவில்லை, இரண்டையும் எழுதுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் முதல் வாரத்தில் போக நினைக்கிறோம்.

ஹாரோவில் இருந்து

இரண்டு முறை போனோம். முதல் முறை மே மாத லீவில். வெயில் நன்றாக அடித்தது, சட்டைக்கு மேல் ஸ்வெட்டர்கூடத் தேவைப்படவில்லை, அதனால் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். பத்து வயதுப் பையன் ஓடிப் போய் நெஞ்சளவு தண்ணீரில் பாய்ந்தான், அடுத்த நொடி வாயைத் திறந்துகொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுகிறான், கூப்பிட்டால் பதில் வரவில்லை. கணவர் உடனே இறங்கித் தூக்கி வந்தார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது, ஆனால் எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை. அப்புறம்தான் தெரிந்துகொண்டோம், மே மாதம் இந்தத் தெற்குக் கடலின் வெப்பம் 12 டிகிரி பக்கத்தில்தான் இருக்கும். நம் சென்னைக் கடல் 28, 29. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னால் மூச்சை இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரும் உள்ளே போகும். முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் பெரிய ஆபத்து, நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்தால் மூச்சு தானே அடங்கிவிடும் என்று இங்கே உயிர்காப்புக்காரர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை உங்கள் மூத்த பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது முறை செப்டம்பர் முதல் வாரம். கோடை முழுக்க வெயில் வாங்கி ஆகஸ்ட் கடைசியில்தான் இந்தக் கடல் அதன் உச்சத்துக்கு வருகிறது, அதுவே 17, 18 டிகிரிதான். பிள்ளைகளுக்குக் குளிர் தாங்கும் நீச்சல் உடை, மெல்லிய வெட்சூட், வாங்கியிருந்தோம், ஒரு மணி நேரம் வெளியே வர மறுத்தார்கள். அதனால் நீங்கள் யோசித்திருக்கும் தேதி சரியான தேதி.

மாமியாருக்கு 72 வயது. கல்லில் நடப்பதுதான் அவருக்குப் பெரிய பாடு. முதல் முறை ரப்பர் செருப்பு போட்டிருந்தார், காலடிக் கல் உருள, செருப்பு பக்கவாட்டில் திரும்பி, கணுக்கால் பிசகி, பிறகு இரண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தோம். அடுத்த முறை கயிறு கட்டிய பழைய நடைப்பயிற்சி ஷூவும் ஒரு கைத்தடியும், இரண்டு பேர் பக்கத்தில். மடக்கு நாற்காலியின் மெல்லிய கால் கல்லுக்குள் புதைந்து ஒரு பக்கம் சாயும், அதனால் அடியில் அகலமான சட்டம் உள்ள தாழ்ந்த நாற்காலி எடுத்துப் போங்கள். இல்லையென்றால் கெட்டியான பாயை மடித்து நாற்காலிக்கு அடியில் போடுங்கள். கிராமத்துத் தெரு இறங்கி வந்து முடிகிற இடத்தில் படகுகள் ஏற்றி வைத்திருப்பார்கள், அந்தப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். அங்கிருந்தே முழுக் கோவும் தெரியும். வளைவைச் சுற்றி அந்தக் கோடிக்கு அவரை நடத்திக் கூட்டிப் போக வேண்டாம்.

ஸ்லவ்வில் இருந்து

பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் புஷ்சேர் வண்டி, தெரு முடிகிற வரைதான் உருளும், கல்லில் ஒரு அடிகூட நகராது. நாலு வயசு என்றால் தூங்கிவிட்டால் தோளில்தான். திரும்பும்போது கார் பார்க்கிங் வரைக்கும் மேடு, அதையும் கணக்கில் வையுங்கள். கழிப்பறையும் மேலே கார் பார்க்கிங் பக்கம்தான், சின்னப் பிள்ளை "வருது" என்று சொன்ன பிறகு கிளம்பினால் நேரம் போதாது.

லூயிஷமில் இருந்து

தங்கச்சி, இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துப் போட்டுத்தான் எழுதுகிறேன். 2016 ஆகஸ்ட் 24, கிழக்கு சசெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரை. எங்கட இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் கடலில் இறந்து போனார்கள். நல்ல வெயில் நாள், பார்க்க வடிவான மணல் கடற்கரை. அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை, அதற்குப் பிறகுதான் நியமித்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கிழமை கதைத்ததெல்லாம் அதைப் பற்றித்தான். அதற்குப் பிறகு இரண்டு கோடை நான் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகவே இல்லை.

கேம்பரில் கரை சமதளமாக நீண்டு கிடக்கும். கடல் ஏறும்போது நேராக முன்னால் வராது, மணல் திட்டுகளுக்குப் பின்னால் உள்ள பள்ளங்களை நிரப்பிக்கொண்டு வரும். திட்டில் நிற்பவருக்கு முன்னால் ஆழம் இல்லை, திரும்பிப் பார்த்தால் கரைக்கும் அவருக்கும் நடுவில் ஆழம். லல்வொர்த் அப்படி இல்லை, அதனால்தான் மூன்றாவது கோடையில் அங்கே போனோம். உள்ளே அலை இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி, பிள்ளை நிற்கும் இடத்தில் அவளுடைய காலும் கல்லும் தெரிந்தது. ஆனால் கூழாங்கல் கரை சட்டென்று சரியும், நாலு அடி வைத்தால் இடுப்பு, ஆறாவது அடியில் என் மகளுக்குக் கால் எட்டவில்லை. நாங்கள் போன அன்று அங்கேயும் உயிர்காப்பாளர் எவரையும் காணவில்லை. ஆகையால் எங்கள் வீட்டுச் சட்டம், ஒரு பெரிய ஆள் போனும் கையுமாக இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஆள் மாறலாம்.

காற்றடைத்த மிதவை எதையும் கொண்டு போகாதீர்கள். நிலத்தில் இருந்து கடல் பக்கம் காற்று வீசினால் அது கோவின் வாய்க்குத்தான் போகும், அந்த வாயால்தான் படகுகளும் வந்து போகின்றன. ஏதாவது நடந்தால் அவசர எண் 999 அடித்து கோஸ்ட்கார்ட், அதாவது கடலோர மீட்புக்காரர்கள், என்று கேட்க வேண்டும். எங்கள் போனுக்குக் கீழே சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது, எங்கே கிடைக்கிறது என்று போனவுடன் பார்த்து வையுங்கள். உங்கள் அம்மா கடலைப் பார்க்க ஆசைப்படுகிறார், கட்டாயம் கூட்டிப் போங்கள்.

சவுத்தாம்ப்டனில் இருந்து

எனக்குப் பாறை பைத்தியம், என் மகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கரையே வேறு மாதிரித் தெரியும். கடலை ஒட்டி முன்னால் நிற்பது கெட்டியான சுண்ணாம்புக்கல் சுவர். அதற்குப் பின்னால் மெத்தென்ற களிமண்ணும் மணலும். அதற்கும் பின்னால் சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சுண்ணப்பாறை. பின்னால் இருந்து ஓடி வந்த ஓடையும் முன்னால் இருந்து கடலும் சேர்ந்து அந்தச் சுவரை ஒரு இடத்தில் உடைத்தன. உடைந்த வாய் வழியாக உள்ளே வந்த அலை மெத்தென்ற மண்ணை இரண்டு பக்கமும் அள்ளி அள்ளி வட்டமாக்கிவிட்டது, வெள்ளைப் பாறை வந்ததும் வேகம் குறைந்தது. உங்கள் அம்மாவுக்கு அலை இல்லாத கடல் கிடைப்பது அந்த உடையாத மீதிச் சுவரால்தான். பக்கத்திலேயே ஸ்டேர் ஹோல் என்ற இடத்தில் சுவரில் இப்போதுதான் ஓட்டை விழுந்திருக்கிறது, சுருட்டி மடித்த ஜமுக்காளம் மாதிரிப் பாறை அடுக்குகள் வளைந்து கிடக்கும். கார் பார்க்கிங்கில் இருந்து சில நிமிட நடைதான், மேலே நின்றே பார்க்கலாம், அம்மாவையும் கூட்டிப் போகலாம். இந்தக் கரை முழுவதும் 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், கிட்டத்தட்ட 95 மைல்.

அந்த வெள்ளைப் பாறை இருக்கிறதே, அதன் அடியில் உட்காராதீர்கள். நிழலாக, காற்று படாமல், கூட்டம் இல்லாமல் இருக்கும், அதனாலேயே எல்லாரும் அங்கே பாய் விரிக்கிறார்கள், எனக்குப் பார்க்கவே மனசு பதறும். எச்சரிக்கை இல்லாமல் கல் விழும், மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். 2012 ஜூலையில் இதே கடற்கரையில் மேற்கே பர்டன் பிராட்ஸ்டாக்கில் பாறை சரிந்து ஒரு இளம்பெண் இறந்தார். கடல் ஏறும் நேரத்தில் கரை ஒடுங்கி ஆட்களை அந்தப் பாறைப் பக்கம் தள்ளும். ஆகவே அன்றைய ஏற்றம், வற்றம் நேரம் பார்த்து, வற்றிக்கொண்டிருக்கும்போது போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

இன்னொன்று, பிள்ளைகள் கல் பொறுக்குவார்கள். வெள்ளையாக உருண்டது சுண்ணம், கறுப்பாகக் கண்ணாடி மாதிரி உடைவது சிக்கிமுக்கிக் கல். பார்க்கட்டும், அடுக்கட்டும், கிளம்பும்போது கீழே போட்டுவிட்டு வரட்டும். கடற்கரைக் கல்லை எடுத்துப் போவதற்கு எதிராக 1949 முதல் சட்டமே இருக்கிறது. நானும் முதலில் ஒரு கல்லுக்கு என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். இந்தக் கல் படுகைதான் அலையின் வேகத்தை வாங்கி அடங்கவைக்கிறது என்று படித்த பிறகு மகளின் பையைத் திறந்து எல்லாவற்றையும் நானே கொட்டினேன். அழுதாள், ஆனால் கேட்டுக்கொண்டாள்.

பேசிங்ஸ்டோக்கில் இருந்து

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. கடற்காக்கை. புறா அளவு என்று நினைக்காதீர்கள், சின்ன வாத்து அளவு. என் தம்பி மகள் கையில் இருந்த மெதுவடையைப் பின்னால் இருந்து வந்து கவ்விக்கொண்டு போனது, விரலில் கீறல், பிள்ளை அன்று முழுக்க எதையும் கையில் வாங்கவில்லை. மூடியுள்ள டப்பாவில் புளியோதரையோ தயிர்சாதமோ கொண்டு போய், முதுகைச் சுவர்ப் பக்கமாக வைத்து, டப்பாவிலேயே சாப்பிடுங்கள். கரையில் கோழி சுடலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். 2020 மே மாதம் அந்தப் பக்கம் வேர்ஹம் காட்டில் பிடித்த தீ எவ்வளவு பெரியது என்று அங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை, எரிந்த இடத்தில் தூக்கிப் போட்ட பார்பிக்யூ தட்டுகளைத்தான் கண்டெடுத்தார்கள்.

ரெடிங்கில் இருந்து

எல்லாருக்கும் நன்றி. லூயிஷம் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், கணவருக்கும் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி. பக்கத்தில் டர்டுல் டோர் என்ற அந்தப் பாறை வளைவையும் அதே நாளில் பார்த்துவிடலாமா?

ஹாரோவில் இருந்து

அம்மாவோடு வேண்டாம். லல்வொர்த் கோவ் கரையில் இருந்து ஒரு மைல்தான் என்று போட்டிருக்கும், ஆனால் தொடங்கும் இடமே செங்குத்தான வெள்ளைக் கல் பாதை, அப்புறம் கரைக்கு இறங்க நூற்றுக்கும் மேல் படி. முழங்கால் தேய்மானம் உள்ளவர் இறங்கிவிட்டால் ஏற முடியாது. கணவரும் மூத்த பிள்ளையும் மட்டும் போய் மேலே இருந்து பார்த்துவிட்டு வரட்டும். சனிக்கிழமை என்றால் பத்து மணிக்குள் கார் பார்க்கிங்கில் இருங்கள், பதினொன்றுக்கு நாங்கள் போனபோது திருப்பி அனுப்பினார்கள்.

ரெடிங்கில் இருந்து

போய் வந்தோம், செப்டம்பர் முதல் ஞாயிறு. காலை ஆறேகாலுக்குக் கிளம்பி, வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, ஒன்பது மணிக்குச் சேர்ந்தோம். கடல் வற்றிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கயிறு கட்டிய ஷூ, என் மாமனாரின் கைத்தடி. தெரு முடிகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, மணலே இல்லையே, இது என்ன கடற்கரை?"

படகுகள் பக்கத்தில் தாழ்ந்த நாற்காலியைப் போட்டோம், அடியில் மடித்த பாய். அசையவில்லை. கணவரும் நானும் அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அது சொல்வதற்குச் சுலபம், செய்யும்போது கடைசி அரை மணி நேரம் கண் எரிந்தது, ஆனாலும் மாறவில்லை. மூத்தவள் முதலில் மல்லாந்து மிதந்து காட்டினாள், அப்புறம்தான் நீந்த விட்டேன். சின்னவன் தண்ணீரைத் தொட்டுவிட்டு ஓடி வந்து, மூன்று மணி நேரமும் கல் அடுக்கினான். ஒரு கறுப்புக் கல்லை மட்டும் விட மனசில்லாமல் கார் பார்க்கிங் மேடு வரை கொண்டுவந்துவிட்டான், கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கீழே போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

பன்னிரண்டு மணி போல அம்மா கால் நனைக்க வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து, பத்தடி தூரத்துக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஷூவைக் கழற்ற விடவில்லை, சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஷூவோடே கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார்கள். குளிர் ஏறியதும் என் கையை இறுக்கினார்கள், ஆனால் திரும்பு என்று சொல்லவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க் கடலுக்கு இதைவிட உப்பு கூட" என்றார்கள்.

ஈர ஷூவைக் கழற்றிக் காய்ந்த காலுறை மாட்டிவிட ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருந்தேன், அது நல்லதாயிற்று. அடுத்து போகிறவர்கள் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.