பெண் கவிஞர்களை நீங்கள் எங்கே கண்டீர்கள்? – திருகோணமலைக்காரர் அனுபவங்கள்

உப்புவெளி வாசகி

போன மாதம் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஈழத்து நவீன கவிதை பற்றி ஓர் உரை. பேசியவர் நன்றாகப் படித்தவர், அதில் சந்தேகமே இல்லை. மஹாகவி, முருகையன், நீலாவணனில் தொடங்கி நுஃமான், சண்முகம் சிவலிங்கம், சேரன் என்று வந்து சு. வில்வரத்தினம் வரைக்கும் ஒவ்வொருவராகச் சொன்னார். ஆளுக்கு ஒரு கவிதையாவது மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினார். சு.வி. நம் ஊரில் வாழ்ந்தவர் என்பதால் அந்த இடத்தில் சபை நன்றாகவே கைதட்டியது. ஆறு மணி தாண்டியதும் கடைசி ஸ்லைட் வந்தது. மேலே 'பெண் கவிஞர்கள்' என்ற தலைப்பு, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூப் படம், கீழே ஒரே வரியில் ஏழெட்டுப் பெயர்கள். "நேரம் போதாது, பெண்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டார்.

அந்த ரோஜாப்பூ இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்கு நேர் கீழே இருந்த பெயர் சிவரமணி!

விளக்கேற்றியதும் வாழ்த்துப் பாடியதும் பெண்கள்தான். நன்றியுரை எனக்குத் தந்திருந்தார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, போனை எடுத்து சிவரமணியின் 'யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்' கவிதையை முழுதாக வாசித்தேன். கதிரை அடுக்கத் தொடங்கியிருந்த பையன்கள் அப்படியே நின்று கேட்டார்கள். பிறகு ஏற்பாட்டாளர் ஒருவர் கிட்ட வந்து, "நன்றியுரையில கவிதை வாசிக்கிற வழக்கம் இல்லை தங்கச்சி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.


பழைய தமிழ் ரீச்சர்

பிள்ளை, அந்த மேடையில் நடந்தது புதிய விஷயம் இல்லை. 1984 இல் சென்னையில் க்ரியா பதிப்பகம் 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' தொகுப்பை வெளியிட்டது. அருமையான தொகுப்பு, என்னிடம் இருந்த பிரதி கையோடு தேய்ந்துபோனது. ஆனால் பதினொரு பேரும் ஆண்கள். இரண்டே வருடத்தில், 1986 இல், யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' கொண்டுவந்தது. சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரை. அ. சங்கரி, சிவரமணி, ஔவை, மைத்ரேயி, ஊர்வசி, மசூறா ஏ. மஜீட் என்று பத்துப் பேர். இந்தப் பத்துப் பேரும் இரண்டு வருடத்துக்குள் எழுதப் பழகி வந்தவர்கள் இல்லை. எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள், கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

சரி, என் கதை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஏ.எல். வகுப்பு. பாடத்தில் இல்லாத கவிதைகளைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் வாசிப்பேன். சிவரமணியை வாசித்தபோது முன்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டாள்: "ரீச்சர், இவ இப்ப எங்க இருக்கிறா?" 1991 மே மாதம், இருபத்திரண்டு வயதில், கையில் இருந்த தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார் என்று சொன்னேன். அவள் விடவில்லை. "அப்ப மற்றவ?" செல்வி என்ற இன்னொரு கவிஞரின் கவிதையும் அதே தாளின் மறுபக்கத்தில் இருந்தது. செல்வியை அதே வருடம் ஓகஸ்டில் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, அவர் திரும்பி வரவில்லை, அடுத்த வருடம் சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது கொடுத்தபோது வாங்குவதற்கு அவர் இல்லை. இதையும் சொன்னேன். வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கேட்ட பிள்ளை தாளை நாலாக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

திங்கட்கிழமை என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பாடத்திட்டத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பயம் அவர்களுக்கு இருந்தது நியாயம்தான். ஆனால் இன்றைக்கும் எத்தனை வகுப்பில் அந்தப் பெயர்கள் வருகின்றன?


தம்பலகாமத்தான்

உப்புவெளித் தங்கச்சி எழுதியதை வாசித்தேன். ஒரு கூட்டத்தில் நேரம் போதாமல் போனதை வைத்து முழு இலக்கிய வரலாற்றையும் குற்றம் சொல்ல வேண்டாம். இந்த ஊரின் கதையே வேறு. தி.த. சரவணமுத்துப்பிள்ளை 1892 இலேயே 'தத்தை விடு தூது' எழுதிப் பெண் விடுதலை பேசியவர். 'மோகனாங்கி' நாவல் எழுதினாரே, அவரேதான். பாரதிக்குப் பத்து வயது இருக்கும்போது திருகோணமலைக்காரர் ஒருவர் எழுதியது அது. ந. பாலேஸ்வரி என்றால் இங்கே நாவல் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்கும் முன்னால் போனால் சங்கத்திலேயே ஔவையாரும் வெள்ளிவீதியாரும் இருக்கிறார்கள். மறைத்துவிட்டார்கள், மறைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் இருப்பதும் கண்ணில் படாது.

என் அனுபவம் சின்னது. எங்கள் அம்மம்மா தாலாட்டும் ஒப்பாரியும் கட்டுவார். ஊரில் சாவு விழுந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். செத்தவரின் தொழில், வயல், பிள்ளைகள் பெயர் எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டுக்குள் வந்துவிடும். ஒன்றையும் யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் போனபோது அவருக்குப் பாட ஆள் இருக்கவில்லை.


உப்புவெளி வாசகி

அண்ணா, சரவணமுத்துப்பிள்ளை மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பெண்ணுக்காக ஒரு ஆண் எழுதியது முதல் பக்கத்திலும், பெண் தானே எழுதியது கடைசி ஸ்லைடிலும் வருகிறதே, நான் அதைத்தான் சொன்னேன். உங்கள் அம்மம்மாவின் கதையும் என் பக்கம்தான் நிற்கிறது.


கிண்ணியா ராத்தா

எனக்கு மேடைக் கதை இல்லை, வீட்டுக் கதைதான்.

எங்கள் சாச்சியின் மகள் ஏ.எல். படிக்கும் காலத்தில் கணக்கியல் கொப்பியின் பின்பக்கத்தில் கவிதை எழுதுவாள். அப்போது கிண்ணியாப் பாலம் வரவில்லை. பாதையில், அதுதான் இஞ்சின் பூட்டிய மிதவையில், ரவுணுக்குப் போய்வருவோம். இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது என்பதால் அங்கே வைத்துத்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒன்றிரண்டைப் புனைபெயரில் பத்திரிகைக்குத் தபாலில் போட்டோம். ஒரு ஞாயிறு ஒன்று வந்தேவிட்டது. அவளின் வாப்பா பத்திரிகையை விரித்து வைத்து, "இஞ்ச பாருங்க, ஆரோ ஒரு பிள்ளை நல்லா எழுதியிருக்கு" என்று உம்மாவுக்கு உரத்து வாசிக்கிறார். இவள் கையில் தேத்தண்ணித் தட்டு. ஒரு கோப்பைகூட ஆடவில்லை. ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். குசினியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணால் தண்ணி ஓடுகிறது.

கலியாணத்துக்கு முதல் வாரம் கொப்பியை என்னிடம் தந்தாள். பிறகு எழுதவில்லை. தடுத்தது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர். பிள்ளைகள், வீடு, கடைக் கணக்கு என்று வருடங்கள் போய்விட்டன.

தமிழ்நாட்டின் துவரங்குறிச்சியில் சல்மா வீட்டுக்குள் இருந்தபடியே புனைபெயரில் எழுதி, 2000 இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்ததை எல்லோரும் அதிசயமாகப் பேசுகிறோம். சாய்ந்தமருதில் இருந்து அனார் எழுதிய 'எனக்குக் கவிதை முகம்' 2007 இல் வந்தபோது வாங்கி இவளிடம் கொடுத்தேன். ஒரே இரவில் வாசித்துவிட்டு மறுநாளே திருப்பித் தந்தாள். "நல்லா இருக்கு ராத்தா, என்னட்ட இருக்க வேணாம்" என்றாள். இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல.


பாலையூற்று

எனக்குக் 'கோணேஸ்வரிகள்' கதைதான். 1997 இல் அம்பாறை மாவட்டத்தில் கோணேஸ்வரியைப் பாலியல் வதை செய்து கொன்ற கொடுமை தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். கலா எழுதிய அந்தக் கவிதை சரிநிகர் பத்திரிகையில் வந்து எவ்வளவு வாதம் நடந்தது என்பதும் தெரிந்ததுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு கவியரங்கில் கெம்பஸ் பிள்ளை ஒருத்தி அதை வாசிக்க எழுந்தாள். மூன்றாவது நாலாவது வரியிலேயே மைக் நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை, மேலே பல்ப் எரிகிறது. அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள், ஓரமாக நின்றவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்து, தொண்டை கட்டக் கட்ட மிச்சத்தையும் வாசித்து முடித்தாள். பின்வரிசையில் இருந்த எனக்கு முக்கால்வாசிதான் கேட்டது.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஆபாசம் என்றார்கள். ஒரு பெண்ணுக்குச் செய்ததில் வராத ஆபாசம் அதைச் சொன்ன கவிதையில் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் 2002 இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு வந்தபோது நடந்த கூத்தும் இதேதான்.

அன்று வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். அப்போதுதான் ஆழியாளின் 'மன்னம்பேரிகள்' கண்ணில் பட்டது. 1971 இல் கதிர்காமத்தில் கொல்லப்பட்ட சிங்களப் பெண் மன்னம்பேரியையும் கோணேஸ்வரியையும் ஒன்றாக நிறுத்துகிற கவிதை. இரண்டு பக்கத்து வீரர்களுக்கும் பிடிக்காத கவிதை. எழுதியவர் நம் திருகோணமலையில் பிறந்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவரின் 'உரத்துப் பேச' 2000 இல் வந்த தொகுப்பு. பள்ளிக்கூடம், ரியூசன், தமிழ்த்தினப் போட்டி, இத்தனையும் இந்த ஊரிலேயே முடித்த எனக்கு ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. தம்பலகாமத்து அண்ணா, 1892 ஐ எல்லோரும் சொல்லித் தந்தார்கள். 2000 ஐத்தான் சொல்லவில்லை.


தம்பலகாமத்தான்

சரி தம்பி, அது நியாயமான கேள்வி. ஆழியாளை நானும் அதிகம் வாசித்ததில்லை, இனித் தேடி வாசிக்கிறேன்.

ஆனால் கிண்ணியாத் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொப்பியை முதலில் காப்பாற்றுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாள் நிற்காது. இரும்பு அலுமாரியில் வைக்காதீர்கள், வியர்க்கும். பொலித்தீன் பையில் சுற்றவும் வேண்டாம், உள்ளே ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாமல் மரத் தட்டில் வையுங்கள். கறையான் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டூசியோ கிளிப்போ இருந்தால் கழற்றிவிடுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். பிறகு பகல் வெளிச்சத்தில், யன்னல் பக்கம் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். வெட்டிய வரி, ஓரத்தில் எழுதியது, கணக்கியல் பக்கம் உட்பட எல்லாவற்றையும் எடுங்கள், அந்தக் கணக்குகளும் கவிதையின் காலத்தைச் சொல்லும். பத்திரிகையில் வந்த துண்டு இருந்தால் பெயரும் திகதியும் தெரிய எடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு நூலகம் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 2005 இல் இருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் ஏற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். 'சொல்லாத சேதிகள்' தேடுகிறவர்கள்கூட அங்கேதான் முதலில் பார்க்கிறார்கள். 2006 இல் சம்பூர்ப் பக்கம் இருந்து உடுத்த துணியோடு வெருகல் கடந்து போனவர்களின் வீடுகளில் எத்தனை கொப்பி போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மம்மாவின் குரலை ஒரு கசெற்றில் பிடித்து வைத்திருக்கலாம் என்று நினைக்காத நாள் எனக்கு இல்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.


பழைய தமிழ் ரீச்சர்

தாளைக் காப்பாற்றுவது சரி தம்பி. ஆனால் கொப்பிக்குச் சொந்தக்காரி உயிரோடு இருக்கிறாள். அவளைக் கேட்காமல் ஒரு பக்கம்கூட ஏற்றக்கூடாது.

சிவரமணி எரித்தார். தோழிகளிடம் இருந்த பிரதிகளைச் சேர்த்து அவர் மறைந்த பிறகு நூலாக்கியபோதும் இந்தக் கேள்வி வந்தது. அவர் வேண்டாம் என்றதை நாம் வாசிக்கலாமா என்று என் மாணவிகளே கேட்டிருக்கிறார்கள். வாசிக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு, ஏனென்றால் தொகுப்பில் வந்தவையும் தோழிகளுக்குக் கொடுத்தவையும் அவர் தன் கையால் வெளியே விட்டவை. எரித்தவை எரித்தவையாகவே இருக்கட்டும். அந்தக் கோடு எனக்கு முக்கியம். பெண்ணின் எழுத்தை மறைப்பதும் அவளைக் கேட்காமல் வெளியே இழுத்துப் போடுவதும் அவளுக்கு ஒன்றுதான்.


கிண்ணியா ராத்தா

ரீச்சர் சொன்னதை வாசித்துவிட்டு நேற்றே அவளுக்குக் கோல் எடுத்தேன். கொப்பி என்னிடம் இன்னும் இருக்கிறது என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. இணையத்தில் போடுவதற்கு வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். வாப்பா வாசித்தது மட்டும் பத்திரிகையில் வந்ததுதானே, அதைப் போடலாம் என்கிறாள். புனைபெயரிலேயே. அந்தத் துண்டு என்னிடம் இல்லை. பழைய ஞாயிறுப் பத்திரிகைகளை இங்கே எந்த நூலகத்தில் புரட்டிப் பார்க்க விடுவார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். 2003 அல்லது 2004 ஆக இருக்கும், மழைக்காலம்.