போர்சலின் பவளக் கிளைகள்: காயும்போது கீறல், சூளையில் தொங்கல்

கடல்விசிறி:
போர்சலினில் (வெண் பீங்கான் மண்) மான்கொம்புப் பவளம் செய்கிறேன். ஒவ்வொரு கிளையும் 12 செ.மீ. நீளம், 8 மி.மீ. தடிமன். சில கிளைகள் காயும்போதே ஒட்டிய இடத்தில் கீறல் விடுகின்றன. தப்பிப்பவை பிஸ்க் (கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூடு) வரை நேராக நிற்கின்றன, கோன் 6 என்ற உயர்சூட்டில் சுட்டதும் தொங்கிவிடுகின்றன. அடிப்பாறைக்குப் பொரிப்பொரியான மேற்பரப்பு தரும் கிளேஸும் (சூளையில் உருகி ஒட்டும் கண்ணாடிப் பூச்சு) தேவை. வழி சொல்லுங்கள்.

மண்சக்கரம்:
கீறல் வேறு, தொங்கல் வேறு. முதலில் கீறல். மெல்லிய கிளை சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடும், அடிப்பாறை இன்னும் ஈரமாக இருக்கும். அந்த இழுபறி ஒட்டிய இடத்தில்தான் வெடிக்கும். இரண்டும் ஒரே தோல் பதத்தில் (பாதி காய்ந்து, தோல் போல உறுதியான நிலை) இருக்கும்போதே ஒட்டுங்கள். ஒட்டும் இரு பக்கமும் ஆழமாகக் கோடுகள் போட்டு, அதே மண்ணின் ஸ்லிப்பில் (நீரில் கரைத்த மண்குழம்பு) சில துளி வினிகர் கலந்து பூசி, அழுத்தித் திருகி உட்கார வையுங்கள். சுற்றிலும் மெல்லிய மண்திரி வைத்துத் தேய்த்தால் கழுத்து பலப்படும். பிறகு கிளை நுனிகளை மட்டும் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். நுனி கடைசியாகக் காய வேண்டும், இதுதான் முக்கியம்.

அடிப்பாறை 2 செ.மீ.க்கு மேல் தடிமன் என்றால் அடியிலிருந்து குடைந்துவிடுங்கள். பிஸ்க்கில் 80–90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தினால் உள் ஈரம் நீராவியாகி வெடிக்காது.

வெண்களி:
தொங்கலுக்குக் காரணம் போர்சலினேதான். கோன் 6, அதாவது சுமார் 1220 டிகிரியில், உள்ளே கண்ணாடி உருகி மண் இளகும். 8 மி.மீ. சீரான தடிமன் தாங்காது. அடியில் 15 மி.மீ., நுனியில் 5 மி.மீ. எனப் படிப்படியாக மெலியவிடுங்கள். செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயும் கிளைக்கு முட்டு வேண்டும். கெட்டியான செங்கல் முட்டு வேண்டாம். போர்சலின் மொத்தத்தில் 12–15 சதவீதம் சுருங்கும், செங்கல் சுருங்காது, அது கிளையைத் தள்ளி உடைக்கும். அதே மண்ணில் செய்து பிஸ்க் சுட்ட முட்டு கூடவே சுருங்கும். தொடும் இடத்தில் கிளேஸ் கூடாது, ஒட்டாமலிருக்க அலுமினா பொடி தடவுங்கள்.

சுவரில் தொங்கும் படைப்பு என்றால் என் தேர்வு நுண்ணிய க்ராக் (grog, சுட்டு அரைத்த மண்துகள்) கலந்த வெள்ளை ஸ்டோன்வேர் மண், மேலே போர்சலின் ஸ்லிப். வெண்மையும் கிடைக்கும், கிளையும் நிற்கும். ஸ்லிப்பைத் தோல் பதத்திலேயே பூசுங்கள், காய்ந்த மண்மேல் பூசினால் உரிந்து வரும்.

ஒரு கூடுதல் குறிப்பு: அக்ரோபோரா (மான்கொம்புப் பவளத்தின் பேரினம்) கிளையின் நுனியில் ஒரே ஒரு பெரிய குழி இருக்கும், பக்கங்களில் மேல்நோக்கிச் சாய்ந்த சிறு குழிகள். நுனியில் குச்சியால் ஒரு துளை, பக்கங்களில் ஊசி இல்லாத சிரிஞ்சால் ஸ்லிப் சொட்டுகள் வைத்துக் குத்தினால் பவளமாகவே தெரியும்.

மண்சக்கரம்:
கிளேஸுக்கு: நெஃபலின் சயெனைட் (nepheline syenite, உருக உதவும் பாறைப் பொடி) 70, லேசான மெக்னீசியம் கார்பனேட் 25, பால் கிளே (ball clay, ஒரு வகைக் களிமண்) 5. இந்தக் கார்பனேட் காயும்போது நன்றாகச் சுருங்கிப் பூச்சை வெடிக்கவைக்கும், உருகும்போது அந்தத் துண்டுகள் உருண்டு திரளும். பிஸ்க் சுட்ட மண்மேல் 2 மி.மீ. தடிமனாகப் பூசுங்கள். மெல்லிசாகப் பூசினால் திரளாது. இடைவெளியில் அடிமண் தெரியும் என்பதால் முதலிலேயே வண்ண ஸ்லிப் பூசிவிடுங்கள், இளஞ்சிவப்பு அருமையாக எடுபடும். காய்ந்த செதில்கள் உதிரும். அதனால் சூளைத்தட்டில் கில்ன் வாஷ் (கிளேஸ் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) அவசியம், தூக்கும்போது அடியைப் பிடித்தே தூக்குங்கள். உங்கள் மண்ணில் ஒரு சோதனை ஓடு சுட்டுப் பார்த்து, திரள் சிறிதாக வேண்டுமென்றால் கார்பனேட்டை 20-க்குக் குறையுங்கள்.